இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிற்கும் கன்டெய்னர்: ஃபார்கேட்டிலேயே இருக்கலாமா, குபெர்னெட்டீஸுக்குப் போகலாமா?

கேள்வி: ஈரோட்டில் ஐந்து பேர் சேர்ந்து, ஜவுளி மொத்த வியாபாரிகளுக்கான ஆர்டர் மென்பொருள் ஒன்றை நடத்துகிறோம். ஜாங்கோ (வெப் செயலி), செலரி (பின்னணி வேலைகள்), ரெடிஸ் (வேலை வரிசை), போஸ்ட்கிரஸ் (டேட்டாபேஸ்) நான்கும் அமேசானின் ஏடபிள்யூஎஸ் கிளவுடில், மும்பை ரீஜியனில், ஒரே இசி2 மெஷினில் (வாடகை சர்வர்) டாக்கர் கம்போஸ் வழியாகக் கன்டெய்னர்களாக ஓடுகின்றன. மெஷின் நின்றால் எல்லாம் நிற்கிறது. புது வெர்ஷன் ஏற்றும்போதெல்லாம் இரண்டு மூன்று நிமிடம் சைட் கிடைப்பதில்லை. அதனால் இசிஎஸ் ஃபார்கேட்டில் (மெஷினை நாமே பராமரிக்காமல் கன்டெய்னர் ஓட்டும் ஏடபிள்யூஎஸ் சேவை) இரண்டு டாஸ்க் (ஓடும் செயலியின் பிரதி) வைத்துச் சோதனை செய்தோம். டாஸ்க் எழுகிறது, இரண்டு மூன்று நிமிடத்தில் நிறுத்தப்படுகிறது, மறுபடி எழுகிறது. லாக்கில் 'இன்வாலிட் எச்டிடிபி ஹோஸ்ட் ஹெடர்: 10.0.12.47:8000' என்ற வரி மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. வேறு வேலையில் இருந்ததால் ஒன்பது நாள் அப்படியே விட்டுவிட்டோம். நாட் கேட்வேக்கு (உள் நெட்வொர்க்கிலிருந்து இணையத்துக்குப் போகும் வழி) மட்டும் 230 டாலர் வந்திருக்கிறது. "குபெர்னெட்டீஸில் இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது, இகேஎஸ்ஸுக்குப் போய்விடுங்கள்" என்கிறார் ஒரு நண்பர் (இகேஎஸ் என்பது குபெர்னெட்டீஸ் என்ற கன்டெய்னர் நிர்வாக மென்பொருளை ஏடபிள்யூஎஸ் நடத்தித் தரும் சேவை). எது சரி? செலரியை எப்படிப் பிரிப்பது? சைட் நிற்காமல் புது வெர்ஷன் ஏற்றுவது எப்படி?

பதில்: ஃபார்கேட்டிலேயே இருங்கள். உங்கள் டாஸ்க் நிற்பதற்கான காரணம் இகேஎஸ்ஸுக்குப் போனாலும் கூடவே வரும். அங்கேயும் ஹெல்த் செக் (செயலி உயிரோடு இருக்கிறதா என்று அடிக்கடி கேட்டுப் பார்ப்பது) பாடின் (குபெர்னெட்டீஸில் கன்டெய்னர் ஓடும் அலகு) ஐபி முகவரியை ஹோஸ்ட்டாக வைத்துத்தான் கதவைத் தட்டும்; ஜாங்கோ அங்கேயும் அதே 400-ஐத்தான் ('கோரிக்கை தவறு' என்ற பதில்) திருப்பித் தரும்.

முதலில் அந்த லாக் வரியைப் பார்ப்போம். அது வருவதே நல்ல செய்தி. கோரிக்கை ஜாங்கோ வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது என்றால், சப்நெட் (நெட்வொர்க்கின் ஒரு பகுதி), செக்யூரிட்டி குரூப் (யார் இணையலாம் என்ற விதிகள்), போர்ட் எண் மூன்றும் சரியாக இருக்கின்றன. டார்கெட் குரூப்பில் (கோரிக்கைகளைப் பல டாஸ்க்குகளுக்குப் பிரித்து அனுப்பும் லோட் பேலன்சரின் டாஸ்க் பட்டியல்) 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' போன்ற இணைப்புப் பிழையைக் காட்டி லாக்கில் ஒன்றுமே இல்லாமல் இருந்திருந்தால், லோட் பேலன்சரிலிருந்து டாஸ்க்குக்கு 8000 போர்ட் திறக்கவில்லை, அல்லது சர்வர் 127.0.0.1-இல் மட்டும் காது கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும். பைதான் வெப் சர்வரான ஜி-யூனிகார்னின் இயல்பு முகவரி 127.0.0.1:8000 தான். சூழல் மாறிகளில் 'போர்ட்' என்று ஒன்று இருந்தால் மட்டுமே அது தானாக 0.0.0.0-க்கு மாறும். கூகுளின் கிளவுட் ரன் என்ற கன்டெய்னர் சேவை அந்த மாறியைத் தானே கொடுத்துவிடுகிறது, ஃபார்கேட் கொடுப்பதில்லை. அங்கே ஓடிய இமேஜ் (கன்டெய்னரை உருவாக்கும் தொகுப்பு) இங்கே ஊமையாக நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

உங்கள் விஷயத்தில் நடப்பது இது. லோட் பேலன்சர் 30 நொடிக்கு ஒருமுறை ஒவ்வொரு டாஸ்க்கையும் அதன் உள் ஐபியில் நேராகக் கூப்பிடுகிறது. ஹோஸ்ட் ஹெடரில் உங்கள் டொமைன் பெயர் இருக்காது, 10.0.12.47:8000 தான் இருக்கும். ஜாங்கோவின் 'அலவ்டு ஹோஸ்ட்ஸ்' பட்டியலில் டொமைன் மட்டும் இருப்பதால் 400 போகிறது. லோட் பேலன்சர் எதிர்பார்ப்பது 200. இரண்டு முறை தவறினால் 'அன்ஹெல்தி'. இசிஎஸ் அந்த டாஸ்க்கை நிறுத்திவிட்டு அடுத்ததை எழுப்புகிறது. ஆள் நன்றாகத்தான் இருக்கிறார், நாடி பார்ப்பவருக்கு மட்டும் பதில் சொல்வதில்லை.

இதற்கு இணையத்தில் இரண்டு குறுக்கு வழி கிடைக்கும். அலவ்டு ஹோஸ்ட்ஸில் நட்சத்திரக் குறி போடுவது ஒன்று. ஹோஸ்ட் ஹெடரைப் போலியாக மாற்றி, கடவுச்சொல் மீட்பு மின்னஞ்சலில் வேறொருவருடைய முகவரியை நுழைக்கும் வழியை அது திறந்துவிடும். டார்கெட் குரூப்பில் 200 முதல் 499 வரை எல்லாமே சரி என்று எழுதிவிடுவது இன்னொன்று; அப்புறம் ஹெல்த் செக் இருந்தும் பயனில்லை. இரண்டும் வேண்டாம். பத்து வரியில் ஒரு மிடில்வேர் (ஜாங்கோவுக்குள் போகும் ஒவ்வொரு கோரிக்கையையும் வழியில் பார்க்கும் கோடு) எழுதுங்கள். பாதை '/ஹெல்த்' என்றால் உடனே 200 திருப்பி அனுப்ப வேண்டும், மற்ற எல்லாவற்றையும் உள்ளே விட வேண்டும், அவ்வளவுதான். (உங்கள் கோடில் பாதையை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.) அதை மிடில்வேர் பட்டியலின் முதல் வரியில், செக்யூரிட்டி மிடில்வேருக்கும் மேலே வையுங்கள். ஹோஸ்ட் சரிபார்ப்பு அதற்குக் கீழே உள்ள மிடில்வேர்களில்தான் நடக்கிறது. அங்கே போகும் முன்பே பதில் போய்விடும். 'செக்யூர் எஸ்எஸ்எல் ரீடைரக்ட்' போட்டிருந்தால் ஹெல்த் செக்குக்கு 301 போகும் சிக்கலும் இதே இடத்தில் தீர்ந்துவிடும்.

எஸ்எஸ்எல் பற்றிச் சொன்னதும் இன்னொன்று. சான்றிதழை லோட் பேலன்சரில் வைத்திருப்பீர்கள். அங்கிருந்து டாஸ்க் வரைக்கும் சாதாரண எச்டிடிபி. ஜாங்கோ தனக்கு வந்தது பாதுகாப்பற்ற கோரிக்கை என்று நினைத்து எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பும், அதுவும் எச்டிடிபியாகவே வந்து சேரும், மறுபடி திருப்பும். பிரவுசர் சுற்றிச் சுற்றி ஓய்ந்துவிடும். 'செக்யூர் ப்ராக்ஸி எஸ்எஸ்எல் ஹெடர்' அமைப்பில் எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ ஹெடரைக் குறிப்பிட்டுவிட்டால் இது வராது.

அந்த ஹெல்த் பாதைக்குள் டேட்டாபேஸைத் தொடாதீர்கள். நல்ல எண்ணத்தில் பலரும் அங்கே ஒரு 'செலக்ட் 1' போட்டுவைக்கிறார்கள். டேட்டாபேஸ் ஒரு நிமிடம் மூச்சுத் திணறினால் எல்லா டாஸ்க்கும் ஒரே நேரத்தில் அன்ஹெல்தி ஆகும். இசிஎஸ் எல்லாவற்றையும் நிறுத்திப் புதிதாக எழுப்பும். எழுந்தவை எல்லாம் ஒரே நேரத்தில் டேட்டாபேஸ் மேல் விழும். ஒரு நிமிடத் திணறல் அரை மணி நேர முடக்கமாக மாறுவது இப்படித்தான்.

கூடவே மூன்று எண்களை மாற்றுங்கள். சர்வீஸின் 'ஹெல்த் செக் கிரேஸ் பீரியட்' இயல்பாக 0. உங்கள் செயலி எழுந்து பதில் சொல்ல 40 நொடி எடுத்துக்கொண்டால் அதற்குள்ளேயே தண்டனை விழுந்துவிடும், 90 வையுங்கள். டார்கெட் குரூப்பின் 'டீரெஜிஸ்ட்ரேஷன் டிலே' 300 நொடி. ஒவ்வொரு பழைய டாஸ்க்கும் விடைபெற ஐந்து நிமிடம் எடுப்பதால்தான் டிப்ளாய் (புது வெர்ஷன் ஏற்றுவது) இழுத்துக்கொண்டே போகும். உங்கள் கோரிக்கைகள் ஒன்றிரண்டு நொடியில் முடிகின்றன என்றால் 30 போதும். மூன்றாவது, ஜி-யூனிகார்னை 'ஜிதிரெட்' வகையில் ஓட்டினால் அதன் கீப்-அலைவ் 2 நொடி, லோட் பேலன்சரின் ஐடில் டைம்அவுட் 60 நொடி. சர்வர் மூடிவிட்ட இணைப்பில் லோட் பேலன்சர் அடுத்த கோரிக்கையை அனுப்பி, நாளுக்கு நாலைந்து 502 பிழை காரணமே தெரியாமல் வரும். கீப்-அலைவை 75 ஆக்கிவிடுங்கள்.

அடுத்தது அந்த 230 டாலர். ஃபார்கேட் டாஸ்க் ஒவ்வொரு முறை எழும்போதும் இமேஜை முதலிலிருந்து முழுதாக இறக்குகிறது. இசி2 மெஷினைப் போலப் பழைய லேயர்களை (இமேஜின் அடுக்குகளை) வைத்துக்கொள்வதில்லை. உங்கள் இமேஜ் சுருக்கிய நிலையில் 450 எம்பி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். (உங்கள் லேப்டாப்பில் டாக்கர் காட்டும் 1.3 ஜிபி விரித்த அளவு. ஏடபிள்யூஎஸ்ஸின் இமேஜ் கிடங்கான இசிஆர் பக்கத்தில் தெரிவதுதான் பயணம் செய்யும் அளவு.) மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் ஒரு டாஸ்க்குக்கு நாளுக்கு 480 தடவை, இரண்டு டாஸ்க்குக்கு 960. ஆக ஒரு நாளைக்கு 432 ஜிபி. ஜிபிக்கு ஏறத்தாழ 5.6 சென்ட் என்றால் நாளொன்றுக்கு 24 டாலர், ஒன்பது நாளைக்கு 217. நாட் கேட்வேயின் மணிக்கட்டணத்தையும் சேர்த்தால் உங்கள் பில்லுக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

தொடக்கத்திலேயே விழும் டாஸ்க்குகளை இசிஎஸ் இடைவெளி விட்டு விட்டுத்தான் மறுபடி எழுப்பும். ஆனால் ஒருமுறை 'ரன்னிங்' நிலைக்கு வந்துவிட்டு, பிறகு ஹெல்த் செக்கில் விழும் டாஸ்க்குக்கு அந்தத் தடை பொருந்தாது. அதனால்தான் ஒன்பது நாளும் சளைக்காமல் சுற்றியிருக்கிறது. சர்வீஸ் அமைப்பில் 'டிப்ளாய்மென்ட் சர்க்யூட் பிரேக்கர்' என்றிருப்பதை இயக்கி, ரோல்பேக்கையும் சேர்த்து வையுங்கள். இரண்டு டாஸ்க் உள்ள சர்வீஸில் மூன்று தோல்வி ஆனதும் அந்த டிப்ளாயை அது நிறுத்திவிடும். முதல் டிப்ளாயாக இருந்து திரும்பிப் போகப் பழைய வெர்ஷன் எதுவும் இல்லாவிட்டாலும், புதிய டாஸ்க்குகளை எழுப்புவதையாவது நிறுத்தும். பட்ஜெட் எச்சரிக்கை ஒன்றும் இன்றே போட்டுவிடுங்கள்.

நாட் செலவைக் குறைக்க, ஏடபிள்யூஎஸ்ஸின் கோப்புக் கிடங்கான எஸ்3-க்குக் கேட்வே வகை விபிசி எண்ட்பாயின்ட் (நாட்டைத் தொடாமல் நேராகப் போகும் உள் வழி) போதும். அதற்குக் கட்டணம் கிடையாது. இசிஆரின் லேயர்கள் உண்மையில் எஸ்3-இலிருந்துதான் வருகின்றன, ஆகவே இமேஜின் கனமான பகுதி முழுக்க நாட்டை விட்டு விலகிவிடும். மீதி நாட் வழியாகப் போகும் ஏபிஐ அழைப்புகள் சிறியவை. ஒன்றை மட்டும் சரிபாருங்கள்: எண்ட்பாயின்ட்டை உருவாக்கினால் மட்டும் போதாது, டாஸ்க்குகள் இருக்கும் பிரைவேட் சப்நெட்டின் ரூட் டேபிளோடு அதை இணைக்க வேண்டும். மெயின் ரூட் டேபிளில் மட்டும் இணைத்துவிட்டு 'பில் குறையவில்லையே' என்று தேடுவது அடிக்கடி நடக்கிறது.

ஐந்து பேர் குழுவுக்கு இதைவிட மலிவான வழியும் உண்டு. டாஸ்க்குகளைப் பப்ளிக் சப்நெட்டில், பப்ளிக் ஐபியோடு ஓட்டுங்கள். செக்யூரிட்டி குரூப்பில் லோட் பேலன்சரிலிருந்து வருவதை மட்டும் அனுமதியுங்கள். 2024 பிப்ரவரி முதல் ஒவ்வொரு பப்ளிக் ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு அரை சென்ட் கட்டணம், மாதம் 3.65 டாலர். நாட் கேட்வேயோ சும்மா இருந்தாலே மாதம் 40 டாலர். பிரைவேட் சப்நெட் ஒரு கூடுதல் பாதுகாப்பு அடுக்கு என்பதை மறுக்கவில்லை. பணம் தட்டுப்பாடாக இருக்கும்போது, செக்யூரிட்டி குரூப்பை யாரும் கைதவறி மாற்றாத ஒழுங்கு உங்களிடம் இருந்தால், இது ஏற்கத்தக்க சமரசம். வங்கி, மருத்துவத் தரவு என்றால் இப்படிச் சொல்லமாட்டேன்.

இனி இகேஎஸ். கட்டுப்பாட்டுத் தளத்துக்கு மட்டும் மணிக்கு 10 சென்ட், மாதம் 73 டாலர். அது பெரிய தடையில்லை. உண்மையான செலவு ஆள் நேரம். குபெர்னெட்டீஸ் ஆண்டுக்கு மூன்று வெர்ஷன் விடுகிறது. இகேஎஸ்ஸில் ஒரு வெர்ஷனுக்கு 14 மாதம் வழக்கமான ஆதரவு. அதைத் தாண்டினால் மணிக்கு 60 சென்ட். ஆக வருடத்துக்கு ஒருமுறையாவது கிளஸ்டரை உயர்த்தியே ஆக வேண்டும், கூடவே நெட்வொர்க் பிளகின், கோர்டிஎன்எஸ், இன்கிரஸ் (வெளிக் கோரிக்கைகளை உள்ளே அனுப்பும் அமைப்பு) கன்ட்ரோலர் போன்ற துணை உறுப்புகள் எல்லாவற்றையும். 2021-இல் வந்த குபெர்னெட்டீஸ் 1.22-இல் இன்கிரஸின் பழைய பீட்டா ஏபிஐ நீக்கப்பட்டது. அதில் எழுதி வைத்திருந்த கோப்புகளை எல்லாம் திருத்தாமல் உயர்த்த முடியவில்லை. இதையே முழுநேர வேலையாகப் பார்க்க ஒருவர் இருந்து, இருபது முப்பது சர்வீஸ்கள் இருந்தால் அந்த உழைப்புக்குப் பலன் உண்டு. உங்களிடம் இருப்பது மூன்று சர்வீஸ்: வெப், வொர்க்கர் (செலரி வேலைகளைச் செய்வது), பீட் (அவற்றை நேரப்படி தொடங்கிவைப்பது).

கிளவுட் ரன் நல்ல சேவை, ஃபார்கேட்டைவிடத் தொடங்குவதும் எளிது. ஆனால் உங்கள் மற்ற பொருளெல்லாம் ஏடபிள்யூஎஸ்ஸில் இருக்கிறது. ஒரு கிளவுடிலிருந்து இன்னொன்றின் டேட்டாபேஸைத் தொடுவது தாமதத்தையும் டேட்டா கட்டணத்தையும் சேர்க்கும். அங்கே இயல்பு நிலையில் கோரிக்கை வரும்போது மட்டுமே சிபியு கிடைக்கும் என்பதால் செலரி வொர்க்கரை அப்படியே தூக்கிப் போடவும் முடியாது.

நீங்கள் தொடங்கிய வரிசையைத்தான் மாற்றச் சொல்வேன். கன்டெய்னரை முதலில் நகர்த்தாதீர்கள். தரவை முதலில் அந்த மெஷினிலிருந்து வெளியே எடுங்கள். செயலி பழைய இடத்திலேயே ஓடட்டும். கன்டெய்னர் எந்த நொடியும் செத்து வேறிடத்தில் பிறக்கலாம் என்பதுதான் ஃபார்கேட்டின் ஒப்பந்தம். அதன் 20 ஜிபி டிஸ்க் டாஸ்க்கோடு சேர்ந்து அழிந்துவிடும். வியாபாரிகள் ஏற்றிய துணி மாதிரிப் படங்கள் கம்போஸ் வால்யூமில் இருந்தால், முதல் டிப்ளாயிலேயே புதுப் படங்கள் காணாமல் போகும். ஆகவே படங்கள் எஸ்3-க்கு, ஜாங்கோ-ஸ்டோரேஜஸ் என்ற நூலகம் வழியாக. போஸ்ட்கிரஸ் ஆர்டிஎஸ்ஸுக்கு. ரெடிஸ் எலாஸ்டிகேஷுக்கு; இரண்டும் ஏடபிள்யூஎஸ் பராமரித்துத் தரும் சேவைகள். ஒவ்வொன்றையும் தனித்தனி வாரத்தில் செய்யுங்கள். ஒன்று கோளாறானால் எது காரணம் என்று தெரியும்.

போஸ்ட்கிரஸை நகர்த்த, டைரக்டரி வடிவில் நான்கு இணைச் செயல்களோடு டம்ப் எடுத்து, அதே எண்ணிக்கையில் ரீஸ்டோர் செய்யுங்கள். நேரத்தை ஊகிக்காமல் ஒருமுறை ஒத்திகை பார்த்து அளந்துகொள்ளுங்கள். ரீஸ்டோர் முடிந்ததும் 'அனலைஸ்' (டேபிள்களின் புள்ளிவிவரம் சேகரிக்கும் கட்டளை) ஓட்டாமல் சைட்டைத் திறக்காதீர்கள். புள்ளிவிவரம் இல்லாத பிளானர் தவறான வழியில் போய், ஒரு நொடி வினவல் ஒரு நிமிடம் எடுக்கும், 'ஆர்டிஎஸ் மெதுவாக இருக்கிறது' என்று தவறான இடத்தில் தேடுவீர்கள். இப்போது ஆல்பைன் வகை போஸ்ட்கிரஸ் இமேஜில் இருந்தீர்கள் என்றால் இன்னொன்றையும் ஒப்பிடுங்கள். அதில் இயல்பு நிலையில் மொழிவாரி அகரவரிசை கிடையாது. ஆர்டிஎஸ்ஸில் வாடிக்கையாளர் பெயர்ப் பட்டியலின் வரிசை மாறித் தெரியலாம்.

மெஷின் நின்றால் எல்லாம் நிற்கிறது என்பதுதானே உங்கள் முதல் குறை? ஆர்டிஎஸ்ஸை ஒற்றை ஏஇசட்டில் (ஒரே தரவு மையப் பகுதியில்) வைத்தால் அந்தக் குறை இடம் மாறுமே தவிரத் தீராது. மல்டி-ஏஇசட் போட்டால் இன்ஸ்டன்ஸ் கட்டணம் இரட்டிப்பாகும். ஒன்று பழுதானால் மற்றதற்கு மாறிக்கொள்ள பொதுவாக 60 முதல் 120 நொடி. கூடுதல் பணத்தை எங்கே போடுவது என்று கேட்டால் டாஸ்க் எண்ணிக்கைக்கு முன் இங்கே போடுங்கள் என்பேன். அப்படி மாறும்போது ஜாங்கோ கையில் செத்த இணைப்புகள் இருக்கும், ஜாங்கோ 4.1 முதல் உள்ள 'கான் ஹெல்த் செக்ஸ்' அமைப்பை இயக்கி வையுங்கள்.

செலரிக்கு வருவோம். அதே இமேஜ், வேறு கட்டளை, தனி சர்வீஸ். ஒரே டாஸ்க்குக்குள் வெப்பையும் வொர்க்கரையும் இரண்டு கன்டெய்னராக அடைக்காதீர்கள். ஒரு பெரிய எக்செல் அறிக்கை நினைவகத்தைத் தின்றால் வெப்பும் சேர்ந்து சாகும். நின்றுபோன டாஸ்க்கின் எக்சிட் கோடு 137 என்றால் 'சிக்கில்' (உடனே கொல்லும் சிக்னல்) அடித்திருக்கிறது, பெரும்பாலும் நினைவகப் பற்றாக்குறை. 143 என்றால் 'சிக்டெர்ம்' சிக்னலுக்கு (முடித்துக்கொண்டு நில் என்பது) அடங்கிப் போயிருக்கிறது. நின்ற டாஸ்க்கின் விவரம் கன்சோலில் ஒரு மணி நேரம் போலத்தான் தெரியும் என்பதால் உடனே பாருங்கள்.

வொர்க்கர் எண்ணிக்கையை நீங்களே எழுதுங்கள். எழுதாவிட்டால் செலரி கண்ணில் படும் சிபியு எண்ணிக்கைக்கு ஏற்ப முடிவு செய்யும். அரை விசிபியு வாங்கிய டாஸ்க்குக்குள் தெரியும் எண்ணிக்கை நீங்கள் வாங்கியதாக இருக்காது.

டிப்ளாய் நடக்கும்போது ஃபார்கேட் சிக்டெர்ம் அனுப்பி, 'ஸ்டாப் டைம்அவுட்' வரை காத்திருந்து, சிக்கில் அடிக்கும். அந்தக் காத்திருப்பு இயல்பாக 30 நொடி, அதிகபட்சம் 120. செலரி சிக்டெர்மைப் பெற்றால் கையில் உள்ள வேலையை முடித்துவிட்டுப் போகும். ஆனால் அது செலரிக்குப் போய்ச் சேர வேண்டும். உங்கள் என்ட்ரிபாயின்ட் (கன்டெய்னர் எழும்போது முதலில் ஓடும்) ஷெல் ஸ்கிரிப்டின் கடைசி வரியில் 'எக்ஸெக்' இல்லாமல் செலரியைக் கூப்பிட்டிருந்தால் ஷெல்தான் முதல் பிராசஸ். அது சிக்னலைக் கீழே கடத்தாது. இதை ஃபார்கேட்டுக்குப் போகாமலே கண்டுபிடிக்கலாம். லேப்டாப்பில் கன்டெய்னரை ஓட்டி 'டாக்கர் ஸ்டாப்' கொடுத்து கடிகாரத்தைப் பாருங்கள். ஒன்றிரண்டு நொடியில் நின்றால் சரி. சரியாகப் பத்து நொடி கழித்து நின்றால் சிக்னல் போகவில்லை. டாக்கர் பொறுத்துப் பார்த்துவிட்டு அடித்துக் கொன்றிருக்கிறது.

இரண்டு நிமிடத்துக்கு மேல் ஓடும் வேலைகளுக்கு 'லேட் அக்னாலெட்ஜ்மென்ட்' வேண்டும். இயல்பில் செலரி வேலையைத் தொடங்கும் முன்பே வரிசையிலிருந்து எடுத்துவிடுகிறது. நடுவில் கொன்றால் அந்த வேலை தொலைந்தது. லேட் என்றால் முடித்த பிறகுதான் எடுக்கும், ஆகவே ஒரே வேலை இரண்டு தடவை ஓடலாம். இன்வாய்ஸ் மின்னஞ்சல் அனுப்பும் வேலை 'ஏற்கெனவே அனுப்பியாயிற்றா' என்று டேட்டாபேஸில் பார்த்துவிட்டு அனுப்பும்படி எழுதப்பட்டிருக்க வேண்டும். ரெடிஸ் பின்னால் இருந்தால் 'விசிபிலிட்டி டைம்அவுட்' ஒரு மணி நேரம்: கொல்லப்பட்ட வேலை ஒரு மணி கழித்துத்தான் திரும்ப வரும், ஒரு மணிக்கு மேல் ஓடும் வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு வொர்க்கருக்கும் போகும். எலாஸ்டிகேஷின் நினைவக நிரம்பல் கொள்கையையும் இயல்பு நிலையிலிருந்து 'நோ எவிக்ஷன்' என்று மாற்றுங்கள். வேலை வரிசையை கேஷ் போல நடத்த விடக்கூடாது.

செலரி பீட் தனி சர்வீஸ், எண்ணிக்கை 1. இங்கே ஒரு நுட்பம். இசிஎஸ் இயல்பாகக் குறைந்தபட்சம் 100 சதவீதம், அதிகபட்சம் 200 சதவீதம் என்று வைத்திருக்கும். அதாவது புதியது எழுந்த பிறகே பழையது போகும். வெப்புக்கு அதுதான் வேண்டும். பீட்டுக்கு அப்படி விட்டால் டிப்ளாயின்போது இரண்டு பீட் ஒரே நேரத்தில் இருக்கும், காலை ஒன்பது மணி நினைவூட்டல் இரண்டு தடவை போகும். பீட்டுக்கு மட்டும் 0, 100 என்று மாற்றுங்கள்.

டேட்டாபேஸ் இணைப்புக் கணக்கைத் தாளில் போட்டுப் பாருங்கள். வெப் டாஸ்க்கில் 2 வொர்க்கர், ஒவ்வொன்றிலும் 4 திரெட்: 8 இணைப்பு. ஆட்டோஸ்கேலிங் (சுமைக்கு ஏற்ப டாஸ்க் எண்ணிக்கை தானாக மாறுவது) 4 டாஸ்க் வரை போனால் 32. டிப்ளாய் நேரத்தில் இரட்டிப்பு: 64. செலரி 2 டாஸ்க், தலா 4 பிராசஸ்: 8, டிப்ளாயில் 16. பீட் ஒன்று. மொத்தம் 81. நீங்கள் சோதனைக்கு 1 ஜிபி நினைவகமுள்ள சின்ன ஆர்டிஎஸ் எடுத்திருந்தால் அதன் வரம்பே எண்பதைச் சுற்றித்தான் இருக்கும். நெரிசலான நேரத்தில் டிப்ளாய் செய்த அன்றுதான் 'இணைப்பு இடம் இல்லை' என்ற பிழை வரும், மற்ற நாளெல்லாம் ஒழுங்காக ஓடும். அதனால்தான் இதைப் பிடிப்பது கடினம். 2 ஜிபி இன்ஸ்டன்ஸுக்குப் போங்கள், அல்லது இணைப்புகளைப் பகிர்ந்து தரும் பிஜிபவுன்சரை நடுவில் வையுங்கள்.

அளவைப் பொறுத்தவரை அரை விசிபியு, 1 ஜிபி டாஸ்க்கில் தொடங்குங்கள். மும்பையில் அது மாதம் முழுக்க ஓடினால் 18, 19 டாலர் ஆகும். வெப் இரண்டு, வொர்க்கர் ஒன்று, பீட்டுக்கு கால் விசிபியு அரை ஜிபி என்று பார்த்தால் 66 டாலர் போல. லோட் பேலன்சர் தனி. ஆட்டோஸ்கேலிங்கை சிபியு 60 சதவீதத்தில் வையுங்கள். அது மூன்று நிமிடம் பார்த்துவிட்டுத்தான் கூட்டும், குறைக்கப் பதினைந்து நிமிடம் பார்க்கும். காலை பத்து மணிக்கு ஆர்டர்கள் திடீரென்று குவிகின்றன என்றால் அதை நம்பியிருக்காமல், 9:45-க்கு எண்ணிக்கையை உயர்த்தும் நேர அட்டவணை ஒன்றைச் சேர்த்துவிடுங்கள்.

இனி, நிற்காமல் ஏற்றுவது. இமேஜுக்கு 'லேட்டஸ்ட்' என்ற பெயர் வைக்காமல் கிட் கமிட் எண்ணையே டேகாகப் போட்டு, இசிஆரில் டேகை மாற்ற முடியாதபடி பூட்டுங்கள். எது ஓடுகிறது, எதற்குத் திரும்புவது என்ற இரண்டு கேள்விக்கும் அதுவே விடை. மைக்ரேஷனை (டேட்டாபேஸ் டேபிள்களின் அமைப்பை மாற்றும் படி) என்ட்ரிபாயின்ட்டில் வைக்காதீர்கள். இரண்டு டாஸ்க் ஒரே நேரத்தில் எழுந்து இரண்டுமே டேபிளை மாற்றப் பார்க்கும். அதே இமேஜை ஒற்றை டாஸ்க்காக, மைக்ரேட் கட்டளையோடு ஓட்டி, முடிந்த பிறகு சர்வீஸைப் புதுப்பியுங்கள். இதில் ஒரு பொறி உண்டு. ஏடபிள்யூஎஸ் கட்டளை வரியில் 'டாஸ்க் நிற்கும் வரை காத்திரு' என்பது டாஸ்க் நின்றாலே வெற்றி என்று சொல்லும். உள்ளே மைக்ரேஷன் தோற்று எக்சிட் கோடு 1 வந்திருந்தாலும். அதன் பிறகு டாஸ்க் விவரத்தை எடுத்து எக்சிட் கோடு 0 தானா என்று தனியாகப் பார்த்துத்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும். அந்தக் காத்திருப்பும் பத்து நிமிடத்தோடு கைவிட்டுவிடும் என்பதையும் ஸ்கிரிப்டில் கவனியுங்கள்.

புதிய வெர்ஷனும் பழைய வெர்ஷனும் சில நிமிடம் ஒரே டேட்டாபேஸில் சேர்ந்து ஓடும். ஆகவே ஒவ்வொரு மைக்ரேஷனும் பழைய கோடுக்கும் பொருந்த வேண்டும். பத்தியை (டேபிளின் நெடுவரிசையை) நீக்குவது இரண்டு டிப்ளாய்: முதலில் கோடிலிருந்து அதன் பயன்பாட்டை எடுங்கள், அடுத்த டிப்ளாயில் பத்தியை. பத்தியைச் சேர்ப்பது பாதுகாப்பானது என்று தோன்றும், அதிலும் ஒரு வழுக்கல். ஜாங்கோ மாடலில் 'டிஃபால்ட்' கொடுத்துச் சேர்த்த பத்திக்கு, மைக்ரேஷன் முடிந்ததும் டேட்டாபேஸில் அந்த இயல்பு மதிப்பு இருக்காது. ஜாங்கோ அதை எடுத்துவிடும். பத்தியைப் பற்றி அறியாத பழைய கோடு புது ஆர்டரைச் செருகும்போது 'நல் கூடாது' என்று போஸ்ட்கிரஸ் மறுக்கும். டிப்ளாய் நடக்கும் அந்த மூன்று நிமிடத்தில் மட்டும் ஆர்டர்கள் தோற்கும். 5.0 முதல் உள்ள 'டிபி டிஃபால்ட்' பயன்படுத்துங்கள், பழைய ஜாங்கோ என்றால் முதலில் நல் அனுமதித்துச் சேருங்கள். பெரிய டேபிளில் இண்டெக்ஸ் போடும்போது 'கன்கரன்ட்லி' வகையைப் பயன்படுத்தாவிட்டால், அது முடியும் வரை அந்த டேபிளில் எழுதுவதெல்லாம் வரிசையில் நிற்கும்.

கடவுச்சொற்களை பாராமீட்டர் ஸ்டோரில் வையுங்கள். ஸ்டாண்டர்டு வகைக்குக் கட்டணம் இல்லை. அவை டாஸ்க் எழும்போது ஒருமுறை மட்டுமே படிக்கப்படும். மாற்றினால் புதிதாக டிப்ளாய் செய்யும் வரை பழைய கடவுச்சொல்தான் ஓடும். அவற்றைப் படிக்கும் அனுமதி 'எக்சிக்யூஷன் ரோல்'-இல் இருக்க வேண்டும், செயலி எஸ்3-ஐத் தொடும் அனுமதி 'டாஸ்க் ரோல்'-இல். இரண்டையும் மாற்றி வைத்தால் ஒன்றில் டாஸ்க் எழவே எழாது, மற்றதில் எழுந்தபின் படம் ஏற்றும்போது மறுக்கும். கிளவுட்வாட்ச் லாக்குகள் சொல்லாவிட்டால் என்றென்றும் சேரும், 30 நாள் என்று வரம்பு போடுங்கள்.

மாற்றும் நாளுக்கு முந்தைய நாளே டொமைனின் டிடிஎல்லை (அதன் முகவரியை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 60 நொடியாக்குங்கள். மாற்றிய பிறகு பழைய மெஷினை ஒரு வாரம் அழிக்காமல் வைத்திருங்கள். சில வாடிக்கையாளர் அலுவலகங்களின் டிஎன்எஸ் பழைய முகவரியைப் பிடித்துக்கொண்டிருக்கும், அவர்களுக்கு அந்த வெப் கன்டெய்னர் பதில் சொல்லட்டும், டேட்டாபேஸ் ஒன்றுதானே. ஆனால் மாற்றும் நிமிடத்திலேயே அந்த மெஷினில் பீட்டையும் செலரி வொர்க்கரையும் நிறுத்திவிடுங்கள். அவையும் அதே ரெடிஸில்தான் தொங்கிக்கொண்டிருக்கும். பழைய பீட் நினைவூட்டல்களை இரண்டாவது தடவை அனுப்பும், பழைய வொர்க்கர் புதிய கோடு போட்ட வேலையை எடுத்துப் பழைய முறையில் செய்துவைக்கும்.